ஆற்காடு ரோட்டின் மேக்கப் ரூம்

செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நடக்க வேண்டும். வழியில் ஜல்லி, கம்பித் துண்டு, சகதி, ஈர மணல் எல்லாம் காலில் அகப்படும். பகலில் நீங்களும் நானும் ஹார்ன் அடித்து, முனகி, திட்டித் தீர்த்துக் கடந்துபோகிற அதே ஆற்காடு ரோடுதான். ஆனால் இன்றைக்கு நாம் அதன் முன்வாசல் வழியாக வரவில்லை. பின்கதவு திறந்திருக்கிறது. நைசாக உள்ளே நுழைந்துவிடலாம்!

நமக்கு வழித்துணை ஓர் அண்ணன். சினிமா கம்பெனிகளில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "பேரைப் போட்டே, அடுத்த தடவை டீ கூட வாங்கித் தரமாட்டேன்" என்று மிரட்டியிருப்பதால் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். கோடம்பாக்கம் பாலத்திலிருந்து போரூர் சந்திப்பு வரை இந்த ரோட்டில் அவருக்குத் தெரியாத வாட்ச்மேன் கிடையாது. அவர் கை காட்டினால் கேட் திறக்கும். திறக்காத இடத்தில் அரை மணி நேரம் பழைய கதை பேசுவார், அப்புறம் திறக்கும்.

முதல் நிறுத்தம் பாலத்தின் அடிவாரம். மெட்ரோ வேலை உச்சத்தில் இருக்கிற நேரம். பாதி ரோட்டைத் தகரத் தடுப்பு விழுங்கியிருக்கிறது. மீதிப் பாதியில் கடைசி பஸ்கள் காலியாகக் குலுங்கிக்கொண்டு போகின்றன. "இந்தப் பாலம் வர்றதுக்கு முன்னாடி இங்க ரயில்வே கேட்டுப்பா" என்று அண்ணன் ஆரம்பிக்கிறார். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. வண்டிக்கு வண்டி கேட் மூடும். மூடினால் யார் கார் என்று பார்க்காது. மேக்கப் போடப் போகிற கதாநாயகியும் நிற்க வேண்டும், வீட்டுக்குப் போகிற வில்லனும் நிற்க வேண்டும். அதற்காகவே கேட் பக்கத்தில் ஒரு கூட்டம் காத்திருக்குமாம். டிக்கெட் எடுக்காமல் நட்சத்திரங்களைப் பார்க்க ஊரிலேயே தோதான இடம் அதுதான். அரை டிரவுசர் வயதில் அண்ணனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். "கார் கண்ணாடி இறங்குமான்னு பார்ப்போம். இறங்கினா ஒரு கை தெரியும். அந்தக் கை யாருதுன்னு ஸ்கூல்ல ஒரு வாரம் சண்டை நடக்கும்." அறுபதுகளில் பாலம் வந்தது, கார்கள் நிற்காமல் பறந்தன. போக்குவரத்துக்கு நல்லது நடந்துவிட்டது. அண்ணனுக்கு இன்னும் அந்தப் பாலத்தின் மேல் கோபம்.

நடந்துகொண்டே கொஞ்சம் பழங்கதை, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கர்நாடக நவாபுகளின் தலைநகரமான ஆற்காட்டை நோக்கிப் போகிற வழி என்பதால் ஆற்காடு ரோடு. 1751ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்ததெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். வேடிக்கை என்னவென்றால், 1768ல் நவாபே சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். எந்த ராஜாவைப் பார்க்கப் போக வேண்டுமோ அந்த ராஜா எதிர்த்திசையில் வந்து குடியேறிய பிறகும், ரோடு மட்டும் பழைய ஊரின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அரசாங்கக் கணக்கில் இது கோடம்பாக்கம்-ஸ்ரீபெரும்புதூர் மாநில நெடுஞ்சாலை, எண் 113. ஒரு பகுதிக்குக் கலைவாணர் பெயரில் என்.எஸ்.கே. சாலை என்று பலகையும் உண்டு. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், "அது எங்க சார்?" என்பார், அதே ரோட்டில் நின்றுகொண்டு.

பவர் ஹவுஸ் வந்துவிட்டது. இப்போதுதான் விருந்தே!

தகரத் தடுப்பில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அண்ணனின் பழைய சினேகிதர் ஒருவர் உள்ளே பாதுகாப்பு மேற்பார்வை. எனக்கு ஒரு ஹெல்மெட், ஆரஞ்சுச் சட்டை. ஹெல்மெட்டின் உள்பட்டையில் எத்தனையோ தலைகளின் வியர்வை உப்புப் பூத்திருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மாட்டியாயிற்று. மெரினா கலங்கரை விளக்கத்தில் கிளம்பி பூந்தமல்லி வரை போகிற நான்காம் வழித்தடம் மொத்தம் சுமார் 26 கிலோமீட்டர். அதில் கோடம்பாக்கம் வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர் பூமிக்கடியில். அந்தச் சுரங்கங்களைக் குடைகிற ராட்சத இயந்திரங்களுக்கு மயில், கழுகு, பூநாரை என்று பறவைப் பெயர்களை வைத்திருக்கிறார்கள். யார் யோசனையோ, மண்ணுக்குள் போகிறதுக்குப் பறவைப் பெயர்! கோடம்பாக்கத்தைத் தாண்டியதும் பாதை சரிவில் மேலேறி, பவர் ஹவுஸ் பக்கம் தூண்களின் மேல் போய் நிற்கிறது.

உள்ளே எப்படி இருக்கிறது தெரியுமா? கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபச் சமையல்கட்டு எப்படி இருக்குமோ, அப்படி. ஒரு பக்கம் கம்பிக் கட்டு, ஒரு பக்கம் பலகைக் குவியல், நடுவில் ஜெனரேட்டரின் உறுமல். ஒரு தூணின் அடியில் வரிசையாக டிபன் கேரியர்கள், ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய அடையாளம். கயிற்றில் காயும் துண்டுகள். செல்போன் சார்ஜருக்கென்றே ஒரு பலகை, அதில் ஏழெட்டுப் போன்கள் தொங்குகின்றன. இந்தி, ஒடியா, வங்காளம், நடுநடுவே "ஏய் பார்த்து, பார்த்து!" என்று சுத்தமான திருவண்ணாமலைத் தமிழ்.

பெரிய வேலை எல்லாம் ராத்திரியில்தான். பகலில் இந்த ரோட்டில் கர்டர் ஏற்றிய டிரெயிலரைக் கொண்டுவந்தால் ஊர் ஸ்தம்பித்துவிடும். அதனால் நள்ளிரவில் வருகிறது. முன்னால் ஓர் ஆள் பச்சை விளக்குக் குச்சியை ஆட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கிறார். டிரைவர் தலையை வெளியே நீட்டி ஓர் அங்குலம், ஓர் அங்குலமாக நகர்த்துகிறார். கிரேனின் கொக்கி மாட்டியதும் ஒரே விசில். எல்லாருடைய பேச்சும் நிற்கிறது. அவ்வளவு பெரிய கான்கிரீட் தரையை விட்டு எழும்பும்போது என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தில் நின்ற பையன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒடிசாக்காரன். தமிழ் எங்கே கற்றாய் என்று கேட்டேன். "பஸ்ல. கண்டக்டர்." எங்கே, பேசிக் காட்டு என்றதும் முழு சுருதியில் ஆரம்பித்துவிட்டான்: "உள்ள போ, உள்ள போ! படில நிக்காத! சில்றை குடு, சில்றை!" அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அதட்டல்தான், பாவம். ஆனால் வேலைத்தளத்தில் அதுவே போதுமானதாக இருக்கிறதாம்.

கர்டர் மேலே போய் உட்கார்கிற கணம் யாரும் கை தட்டவில்லை. நான்தான் தட்டப் போனேன், அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். மேலே இருந்தவர் கட்டை விரலைக் காட்டினார். கீழே இருந்தவர் பீடி தேடினார். அவ்வளவுதான். காலையில் இந்த வழியாக ஆபீஸ் போகிறவர் நிமிர்ந்து பார்த்து, "நேத்து இது இல்லையே" என்று நினைத்துக்கொள்வார். அல்லது நிமிரவே மாட்டார்.

இப்போது வடபழனிச் சந்துக்குள் திரும்புகிறோம். முருகன் கோயில் நடை சாத்தியாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பக்தர் போட்ட ஓலைக் கொட்டகையாகத் தொடங்கிய கோயில் இது. அதற்குப் பின்னால் படப்பிடிப்புக் கொட்டகைகள் வந்து, படம் பூஜை போட வேண்டுமென்றால் இந்த முருகனிடம்தான் முதல் தேங்காய் என்றாயிற்று. சந்துக்குள் ஒரு மாடியில் மட்டும் டியூப்லைட் எரிகிறது. சினிமாக்காரர்களுக்கு உடை வாடகைக்குக் கொடுக்கிற காஸ்ட்யூம் கம்பெனி. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு யூனிட் கிளம்புகிறது, அதற்கான மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

படியேறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இடது கையில் போலீஸ்! இன்ஸ்பெக்டர், ஏட்டு, கேரளா, ஆந்திரா என்று வரிசையாக ஹேங்கரில் தொங்குகிறார்கள். வலது கையில் ராஜாக்கள். கிரீடங்கள் தினத்தாள் சுற்றி அட்டைப்பெட்டிக்குள். ஒரு பெட்டியில் பேனாவால் எழுதியிருக்கிறது: "எமன், கொம்பு ஒண்ணு உடைஞ்சது." வக்கீல் கோட்டு, நர்ஸ் தொப்பி, கைதி உடை, கல்லூரி மாணவனின் டி-ஷர்ட், ஒரே கம்பியில் உரசிக்கொண்டு. வெளியில் இவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க மாட்டார்கள்.

மூலையில் ஒரு பெரியவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். எதை? கிழிந்த சட்டையை! கதாநாயகன் சண்டையில் போடுகிற சட்டை. ஒரே சட்டையில் நாலு செட். ஒன்று புதுசு, ஒன்றில் தோள்பட்டை கிழிசல், ஒன்றில் கிழிசலோடு சேறு, கடைசியில் ரத்தம். சண்டைக்காட்சியை முன்பின்னாகத்தான் எடுப்பார்கள். எந்த ஷாட்டில் எவ்வளவு கிழிந்திருந்தது என்பது பிசகக்கூடாது. "கன்டினியூட்டி" என்ற சொல்லை அந்தப் பெரியவர் தினம் நூறு முறை சொல்லிச் சொல்லி "கண்டினிட்டி" ஆக்கிவைத்திருக்கிறார். கிழிசலின் ஓரத்தைக் கிழிசல் போலவே நிற்கும்படி நீவுகிறார். "நல்ல துணிக்கு இஸ்திரி எவன் வேணா போடுவான் தம்பி. கந்தலைக் கலையாம தேய்க்கணும், அதுக்குத்தான் கூலி." பெருமையைப் பாருங்கள். நியாயமான பெருமை. ரத்தக்கறைச் சட்டையை மட்டும் தொடக்கூடாது என்று தனியாக வைத்திருக்கிறார். முதல் முறை வேலைக்கு வந்த பையன் ஒருவன் நல்லெண்ணத்தில் அதைத் துவைத்து வெளுத்துக் காயப்போட்டுவிட்டானாம். அன்றைக்குச் சாயங்காலம் புது ரத்தம் கலக்க வேண்டியதாயிற்று.

கிளம்ப மனமே இல்லை. அண்ணன் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுபடியும் மெயின் ரோடு. ஷட்டர் இறக்கிய மாலும் விளக்கு அணையாத ஆஸ்பத்திரியும் தெரிகிறதா? இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் விஜயா-வாஹினி ஸ்டூடியோ. பி. நாகிரெட்டி, சக்ரபாணி என்ற இரண்டு பேர் நடத்திய சாம்ராஜ்யம். நாகிரெட்டி 1972ல் விஜயா ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மால் 2013ல் வந்தது. நீங்கள் எஸ்கலேட்டரில் ஏறி ஐஸ்கிரீம் வாங்குகிற அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் 1957ல் வந்த 'மாயா பஜார்' படத்துக்காகத் துவாரகை கட்டப்பட்டது. நகரம் என்றால் நிஜ நகரம் இல்லை. 50 அடிக்கு 60 அடி இடத்தில் 300 பொம்மை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மின்விளக்கு. வயர் இழுத்த எலெக்ட்ரீஷியனின் முதுகு என்ன பாடுபட்டிருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. திரையில் கிருஷ்ணனுடைய ஊர் ஜொலிப்பது சில நொடிகள். ஒரு வீட்டில் பல்பு போயிருந்தால் மண்டியிட்டுப் போய் மாற்றியது யாரோ? எந்த டைட்டில் கார்டிலும் அவர் பெயர் வந்திருக்காது.

அதே ஆட்கள் நடத்தியதுதான் 'அம்புலிமாமா'. 1947ல் தொடங்கியது. வேதாளம் முருங்கை மரம் ஏறிய கதைகளெல்லாம் வடபழனி விலாசத்திலிருந்துதான் ஊர் ஊராகப் போயின. நானும் சின்ன வயதில் அந்த விலாசத்தைப் படித்துவிட்டு, வடபழனியில் இறங்கினால் நிறைய முருங்கை மரம் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

நூறடி ரோடு சிக்னல். பகலில் இங்கே நின்று அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்? இப்போது பாருங்கள். தரையில் நம் ரோடு. அதைத் தாண்டிக் குதிக்கிற மேம்பாலம், 2016ல் திறந்தது. 2015 ஜூனிலேயே ஓட ஆரம்பித்துவிட்ட முதல் மெட்ரோ. அதற்குக் குறுக்கே இரண்டாம் கட்ட மெட்ரோவின் புதுத் தூண்கள். இத்தனைக்கும் அடியில், ஒரு தள்ளுவண்டிக்காரர் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கடைசி இரண்டு தோசை நமக்கு. சட்னி தீர்ந்துவிட்டது, பொடி மட்டும். "மேல எது கட்டினாலும் வியாபாரம் கீழதான் சார்" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

அடுத்து ஏவி.எம். ஸ்டூடியோ கேட். வாசலில் இருக்கிற அந்த உலக உருண்டையைப் பார்த்ததும், ஏவி.எம். படம் தொடங்கும்போது வருகிற அந்த இசை உங்களுக்கும் காதில் கேட்கிறதில்லையா? எனக்குக் கேட்டது. 1948ல் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியிலிருந்து மூட்டை முடிச்சோடு இங்கே வந்தபோது சுற்றிலும் தோப்பும் வயலும். 'பராசக்தி'யில் சிவாஜி கணேசன் முதல் வசனம் பேசிய இடத்தில் உள்ளே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பழைய கேமராக்களையும் விண்டேஜ் கார்களையும் வைத்து 2023ல் ஒரு மியூசியமும் திறந்திருக்கிறார்கள். அது பகல் சமாசாரம், டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் நமக்குக் கிடைப்பது வாட்ச்மேனும் ஒரு நாயும்தான். நாய்க்கு யாரோ வில்லன் நடிகர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். யார் என்று சொல்லமாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட பைக்கில் வந்து இறங்கி, உருண்டை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிற பையன்கள் உண்டாம். "நடிக்க வந்தவங்களா?" என்று கேட்டேன். "அசிஸ்டென்ட் டைரக்டருங்க. ரூமுக்கு வாடகை கட்ட முடியாம அலையறவன்தான் அந்த நேரத்துக்கு வருவான்" என்றார் வாட்ச்மேன். சொல்லும்போது குரலில் கேலி இல்லை.

மணி நாலு. சாலிகிராமம் திருப்பத்தில் வேன்கள் வரிசை கட்டிவிட்டன. இந்தக் காட்சியை மட்டும் தவறவிடக்கூடாது என்று அண்ணன் மாலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் வேலைக்குக் கிளம்புகிற நேரம். ஏஜென்ட் கையில் ஒரு நோட்டு, காதில் ஒரு பேனா, வாயில் ஓயாத கணக்கு. "கல்யாண வீடு முப்பது பேரு, பட்டுச்சேலை கொண்டாந்தவங்க இந்தப் பக்கம்! வயசானவங்க நாலு பேர் கம்மியாருக்கே, எங்கப்பா தாத்தா?" தாத்தா டீக்கடையில் பல் குத்திக்கொண்டிருக்கிறார்.

ஓர் அம்மா பையைத் திறந்து காட்டினார். இரண்டு பட்டுச்சேலை, ஒரு நைந்த சேலை, கவரிங் நகை ஒரு பொட்டலம், மூட்டு வலித் தைலம், பிஸ்கட். எந்த வேஷம் வந்தாலும் பையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். "நேத்து கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனுவோட அழுதேன். இன்னிக்குக் கல்யாண வீட்ல சிரிக்கணும். சாப்பாடு மட்டும் ரெண்டு நாளும் அதே லெமன் சாதம்." சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். இன்னொருவர் எட்டிப் பார்த்து, "எனக்கு இவங்களோட எத்தனை படத்துல கல்யாணம் ஆயிருக்குன்னு கேளுங்க" என்கிறார். "எல்லாத்துலயும் பின் வரிசைதான்!" என்று பதில் பாய்கிறது. பேட்டா உயர்ந்ததா, போன படத்தின் பாக்கி வந்ததா என்ற பேச்சு வந்ததும் மட்டும் குரல்கள் தணிகின்றன. ஏஜென்ட் நோட்டை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார். வேன் கிளம்புவதற்குள் பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்கள், கூந்தலில் வைத்த மல்லிகைப்பூ நசுங்காமல் ஒரு பக்கமாக.

இதற்கப்புறம் ரோடு தன் போக்கில் நீள்கிறது. விருகம்பாக்கத்தில் ஆவிச்சி பள்ளி. ஏ.வி.மெய்யப்பனின் தந்தை ஆவிச்சி செட்டியாரின் பெயர். ஆக, உருண்டையைத் தாண்டி வந்தும் அந்தக் குடும்பத்தை விட்டபாடில்லை. அடுத்து கேசவர்த்தினி ஸ்டாப். கூந்தல் தைலக் கம்பெனி ஒன்றின் பெயர் பஸ் ஸ்டாப்புக்கு நிலைத்துவிட்டது. கண்டக்டர் தினம் ஆயிரம் தடவை இலவசமாக விளம்பரம் செய்கிறார். கோடம்பாக்கத்தில் லிபர்ட்டி தியேட்டர் இடிந்து எத்தனையோ வருஷம் ஆகியும் "லிபர்ட்டி இறங்கு" என்று சத்தம் போடுகிறார்களே, அதே மாதிரி. பெயர்களுக்கு இந்த ரோட்டில் ஆயுசு கெட்டி.

ஆழ்வார்திருநகரில் தொடங்கி தலைக்கு மேலே பாருங்கள்: ஒரே தூணில் இரண்டு அடுக்கு! நான்காம், ஐந்தாம் வழித்தடங்கள் இரண்டும் இங்கே ஒன்றின் மேல் ஒன்றாகப் போகின்றன. ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம், காரம்பாக்கம், ஆலப்பாக்கம் சந்திப்பு என்று நாலு நிலையங்கள் இப்படி. ரோட்டை அகலப்படுத்த இடமில்லை, அதனால் வானத்தில் மாடி கட்டிவிட்டார்கள். தடுப்புக்குள் ஒரு தொழிலாளி மணல் மூட்டையில் படுத்து வீடியோ காலில் குழந்தைக்குத் தூணைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் குழந்தைக்குத் தூண் வேண்டாம், அப்பா முகம்தான் வேண்டும் போல. கேமராவைத் திருப்பச் சொல்லி அங்கிருந்து கத்தல். உணவு கொண்டு வருகிற பையன்களுக்கு இந்தத் தூண்களின் நம்பர்தான் இப்போது விலாசம். "நூத்தி எத்தனையாவது பில்லர்ணா?" என்று போனில் கேட்கிறான் ஒருவன். ரயில் வருவதற்கு முன்பே தூண் வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

போரூர் சந்திப்புக்கு வந்தபோது விடிந்துவிட்டது. எட்டு கிலோமீட்டர் போல இருக்கும், கால் கெஞ்சுகிறது. மவுண்ட்-பூந்தமல்லி ரோடு குறுக்கே வந்து மோதுகிறது. பல வருஷம் இழுத்தடித்து 2017ல் திறந்த மேம்பாலம் தலைக்கு மேல். 113ஆம் எண் நெடுஞ்சாலை குன்றத்தூர் பக்கம் இறங்கி ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பூந்தமல்லி முனையில் 2025 மார்ச்சிலேயே மெட்ரோவின் சோதனை ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள் என்பது டீக்கடைக்காரருக்கு இன்னும் பெருமை, ஏதோ அவரே ஓட்டிய மாதிரி.

அவர் கடையில்தான் போக்குவரத்துக் காவலர் ஒருவர் காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். தொப்பி மேஜை மேல், விசில் சட்டைப் பையில். முதல் டீயைக் குடித்து, முகம் கழுவி, கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் சுற்றி, அதன் மேல் காலரைச் சரி செய்து, கண்ணாடி இல்லாததால் நின்றிருந்த பைக்கின் மிர்ரரைத் திருப்பிப் பார்த்துத் தொப்பியை நேராக்கிக்கொண்டார். பார்த்தீர்களா, இவருக்கும் மேக்கப் உண்டு!

அண்ணன் பழக்க தோஷத்தில் இரண்டு கைகளையும் சட்டமாக்கி, ஒரு கண்ணை மூடி, மேம்பாலத்தையும் ரோட்டையும் பிரேம் வைத்துப் பார்த்தார். காவலர் நேரே வந்துவிட்டார்.

"ஷூட்டிங்கா? பர்மிஷன் லெட்டர் எங்கே?"

"அய்யோ ஷூட்டிங் இல்ல சார். சும்மா ரோட்டைப் பார்க்க வந்தோம்."

"ரோட்டையா?" எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்பது மணிக்கு வாங்க. ஒரு வண்டியும் நகராது, நிதானமா பார்க்கலாம்."